பவுனு முதுகில் ராதாமணி

ராதாமணி எத்தனையோ பேருக்குப் பேன்ட் தைத்திருக்கிறாள். தனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டது நாற்பத்தேழாவது வயதில்தான். அதுவும் குதிரை ஏறுவதற்காக.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய கால்கள் இரண்டையும் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. வலது கால் கொஞ்சம் தேவலை. இடது கால் வெறும் தோலும் எலும்பும். வீட்டுக்குள் கைகளை ஊன்றித் தவழ்ந்து போவாள். வெளியே போவதற்குப் பின்னால் இரு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருந்தது. தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டி, அதன் மிதியைத் தூக்கி மேசைமேல் வைத்து, இடது முழங்கையால் அழுத்தித் தைப்பாள்.

புதியம்புத்தூரில் அவள் தம்பி அழகிரிசாமி ரெடிமேடு யூனிட் வைத்திருந்தான். அங்கிருந்து வாரம் ஒருமுறை கோவில்பட்டிக்கு வேன் வரும். வெட்டிய துணிக்கட்டை வாசலில் இறக்கி, தைத்து வைத்த கட்டை ஏற்றிக்கொண்டு, "வாரேங்க்கா" என்று டிரைவர் கிளம்பிவிடுவான். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு குரல் எதுவும் வீட்டுக்குள் கேட்காத வாரங்களும் உண்டு.

அம்மா இருந்தவரை அப்படி இல்லை. குளிக்க வைப்பதிலிருந்து தலைவாரிப் பின்னுவதுவரை எல்லாமே அம்மாதான். மகளுக்கு வயசு நாற்பதைத் தாண்டிய பிறகும் அவளை இடுப்பில் அணைத்துத் தூக்கிக் கட்டிலில் விடுவாள். தூக்கும்போது "எம்புட்டு கனம் கனக்குதா பாரு" என்று திட்டுவாள். அந்த அம்மா ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ராதாமணியை யாரும் தொட்டதில்லை. அவளும் விடவில்லை. சின்ன வயசிலிருந்து பஸ்ஸில் ஏற்றுகிறேன், படியில் இறக்குகிறேன் என்று கேட்காமல் கொள்ளாமல் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியவர்கள் எத்தனையோ பேர். அரிசி மூட்டையைத் தூக்குகிறவன்கூடக் கொஞ்சம் பார்த்துத் தூக்குவான். ஸ்கூட்டர் வந்த நாளிலிருந்து அவள் பஸ் ஏறவில்லை. யார் உதவிக்கு வந்தாலும் "விடுங்க, நானே பாத்துக்கிடுதேன்" என்பாள். சொல்லிச் சொல்லி, அக்கம்பக்கத்தில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

அப்படி இருந்த ஒரு புரட்டாசி மாதத்தில் இந்துஜா வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது, பிசியோதெரபி டாக்டர். ஊருக்கு வெளியே எட்டயபுரம் ரோட்டில் கைகால் சரியாக வராத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே வேலை. கையில் ஒரு பழைய பட்டையை வைத்திருந்தாள். இடுப்பில் கட்டுகிற அகலமான துணிப்பட்டை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. ஒரு கைப்பிடி பிய்ந்து தொங்கியது.

"இதே மாதிரி நாலஞ்சு தச்சுத் தரணும்க்கா. இழுத்தா பிஞ்சிரக் கூடாது. பிள்ளைங்க சாஞ்சா இதப் பிடிச்சுத்தான் நிமித்துவோம்."

"எங்கன இருந்து சாயும்?"

"குதிரை மேல இருந்து."

ராதாமணி சிரித்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். இந்துஜா போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். செம்மண் கொட்டிய ஒரு வட்டத்தில் செவலைக் குதிரை ஒன்று. அதன் மேல் தலையில் ஹெல்மெட்டோடு ஒரு சின்னப் பெண். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவளைப் பிடித்தபடி நடக்கிறார்கள்.

"இதுல என்ன கிடைக்கும் பிள்ளைகளுக்கு?"

"குதிரை நடக்கும்போது மேல இருக்கிறவங்க இடுப்பு, நாம நடந்தா எப்படி அசையுமோ அதே மாதிரி அசையும்க்கா. நடக்கவே செய்யாத உடம்புக்கு நடை தெரிய வரும்."

ராதாமணி அந்த வாரமே பட்டைகளைத் தைத்தாள். கைப்பிடிக்கு மூன்று மடிப்புத் துணி வைத்து, தையலுக்கு மேல் தையல் போட்டாள். சனிக்கிழமை ஸ்கூட்டரில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், வேலியோரம் வண்டியை நிறுத்தி, கடைசிப் பிள்ளை இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்துஜா வந்து நின்றாள். "உங்க இடுப்புக்கும் ஒண்ணு தச்சிருக்கலாமேக்கா."

"எனக்கு எதுக்கு? நான் என்ன பச்சப்பிள்ளையா?"

"ஏறணும்னு தோணலையா?"

தோன்றவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சேலையைச் சாக்கு சொன்னாள். "சேலை கட்டிக்கிட்டு எப்படிம்மா?"

"நீங்க டெய்லர் தானே?" என்றாள் இந்துஜா.

அன்று சாயங்காலம் தையல் நாடாவை எடுத்து ராதாமணி தன் கால்களை அளந்தாள். அளந்ததே இல்லை. இடது தொடையின் சுற்றளவு, சட்டைக் கைக்கு எடுக்கிற அளவுகூட வரவில்லை. அளவுப்படியே தைத்துப் போட்டுப் பார்த்தாள். இடது கால் குச்சியாய்த் தெரிந்தது. கழற்றி, தையலைப் பிரித்து, இரண்டு காலுக்கும் ஒரே அகலம் வைத்துத் தைத்தாள். பிறகு மிச்சத் துணியில் தனக்கு ஒரு பட்டை.

அந்தச் செவலைப் பெண்குதிரைக்குப் பவுனு என்று பெயர். முன்பு, ரோட்டில் குறித்த எல்லைவரை ஓடுகிற எல்கைப் பந்தயங்களில் வண்டியில் பூட்டி ஓடிய குதிரை. வயசானபின் வேகம் குறைந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதோடு அதை ஓட்டிய சோலைமுத்துவும் வந்து சேர்ந்தார். குளத்தூர்ப் பக்கத்துக்காரர். அறுபதை ஒட்டிய வயசு, ஒல்லி உடம்பு. கொட்டகையில் குதிரையோடு படுத்துக்கொள்வார். அதிகம் பேச மாட்டார். குதிரையின் பிடிகயிறு அவர் கையில்.

ஏறுவதற்குச் சாய்வாக ஒரு மேடை கட்டியிருந்தார்கள். ராதாமணி கைகளை ஊன்றி அதில் ஏறினாள். உச்சியில் உட்கார்ந்ததும் இந்துஜா ஒரு பக்கமும், பள்ளிக்கூட ஆயா சீனித்தாய் மறுபக்கமும் வந்து நின்றார்கள்.

"தொடலாமாக்கா?" என்று கேட்டாள் இந்துஜா.

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ராதாமணி தலையை ஆட்டினாள். அவர்கள் அவளைத் தூக்கிப் பவுனின் மெத்தை விரித்த முதுகில் வைத்து, காலை மெல்ல விலக்கி இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கை பட்டையின் கைப்பிடியில், இன்னொரு கை அவள் முழங்காலுக்கு மேல். இடது காலில் உணர்வு போகவில்லை, பலம்தான் போயிருந்தது. சீனித்தாயின் உள்ளங்கைச் சூடு பேன்ட்டுக்குள் இறங்கியது.

"போவமா தாயி?" என்றார் சோலைமுத்து. பவுனு நடந்தது.

முதலில் பயம்தான். தரை எங்கோ கிடந்தது. ஆயுள் முழுக்க அவள் மற்றவர்களின் முழங்காலையும் இடுப்பையும் பார்த்தே பேசியவள். இப்போது சீனித்தாயின் வகிடு தெரிந்தது, அதில் நரை தெரிந்தது. பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இடுப்பு அதுவாக அசைந்தது. வலது பக்கம் ஏறி இறங்கியது, பிறகு இடது பக்கம். அவள் எதுவும் செய்யவில்லை. இடுப்பு முன்னே போனது, தோள் அதன் பின்னே வந்தது.

"நடக்கதுன்னா இப்படித்தானா இருக்கும்?" என்று சீனித்தாயிடம் கேட்டாள்.

சீனித்தாய் யோசித்தாள். "தெரியலையேக்கா. நடக்கும்போது நான் அத நெனச்சுப் பாத்ததில்லையே."

வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுக்கா. காலர் கட்டு முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. இன்னைக்கு குதிரை ஏறுனேன்டா."

பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம். "என்னது? சரியாக் கேக்கல. நாளைக்கு வேன் வரும், குடுத்து விட்டுரு."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அதன்பின் சனிக்கிழமைகளுக்காகவே வாரம் ஓடியது. மழை பெய்தால் வகுப்பு கிடையாது. கொட்டகையிலிருந்து வட்டத்துக்குப் போகிற கரிசல் மண் நனைந்துவிட்டால் குளம்பில் அப்பிக்கொண்டு குதிரைக்குக் கால் தூக்க வராது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. ஊரே சந்தோஷப்பட்டது. உளுந்தைப் பூக்க வைத்து மக்காச்சோளத்தை நெஞ்சு உயரம் வளர்த்த அந்த மழையைச் சன்னலோரம் உட்கார்ந்து ராதாமணி ஒருத்தி வெறுத்தாள். வெளியே சொல்ல முடியுமா?

மழை ஓய்ந்ததும் இந்துஜா அவளை வட்டத்தைவிட்டு வெளியே கூட்டிப்போகலாம் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே வண்டிப்பாதை ஒன்று ஓடியது. அங்கே போனால் நாலு பேரும் குதிரையும்தான். சீனித்தாய் தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாள். சோலைமுத்து முன்னால் போவார். ராதாமணிக்குப் பேச்சு காதில் விழும். மனசு முழங்காலுக்கு மேல் இருக்கிற கைகளில் இருக்கும். இறங்கியதும் அந்தக் கைகள் போய்விடும். சீனித்தாய் கையைக் கழுவிவிட்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறூட்டப் போவாள். அது அவர்கள் வேலை என்பது ராதாமணிக்குத் தெரியும். தெரிந்தும், ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கைகள் இருந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்ப்பாள்.

மாசி மாதம். மக்காச்சோளம் அறுத்து, பாதையின் இரு பக்கமும் அடித்தட்டை நிற்கிற கட்டைக்காடாய்க் கிடந்தது. பக்கத்து ஊர்க் கோயில் கொடைக்குப் பந்தயம் வைத்திருந்தார்கள். அன்று அவர்கள் வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, பயிற்சிக்காக எட்டயபுரம் ரோட்டில் இரண்டு குதிரை வண்டிகள் வந்தன. கூடவே பைக்குகளில் இளவட்டங்கள். ஹார்ன் அடியும் கூச்சலும்.

பவுனின் காதுகள் விறைத்தன. சோலைமுத்து திரும்பிப் பார்த்து, "ஏட்டி, ஏட்டி... நில்லு" என்று கயிற்றை இறுக்கினார். அதற்குள் அது பாய்ந்துவிட்டது. கயிறு அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. சீனித்தாயின் பிடி அப்போதே விட்டுப்போனது. இந்துஜா கைப்பிடியை விடாமல் கொஞ்ச தூரம் ஓடி, கட்டை தடுக்கிக் குப்புற விழுந்தாள்.

பிறகு குதிரையும் ராதாமணியும் மட்டும். பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கட்டைக்காடு கீழே பறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. எவ்வளவு நேரம் என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரமாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வாய்விட்டுக் கத்தினாள். பயத்தில் கத்தினாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பயமில்லை.

குதிரை வரப்பைத் தாண்டியது. அவள் விழுந்தாள்.

காய்ந்த கரிசல் கட்டி கல்லுக்குச் சமானம். வலது மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. கண் திறந்தபோது சோலைமுத்து பக்கத்தில் மண்டி போட்டிருந்தார். துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தார். "அசையாத தாயி, அசையாத. நான் இருக்கேன்." அவர் உள்ளங்கை ரத்தம் அவள் சட்டையில் அப்பியது. தூரத்தில் பவுனு ரோட்டில் ஏறி வண்டிகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே லாரிகள் வருகிற ரோடு. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஊரில் பந்தயக்காரர்கள் பவுனை மடக்கிப் பிடித்தார்கள். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். இந்துஜா கொஞ்ச நாளில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போனாள். சோலைமுத்து பவுனைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஊருக்குப் போய்விட்டார். இதெல்லாம் சீனித்தாய் போனில் சொல்லித்தான் ராதாமணிக்குத் தெரியும். அப்போது அவள் புதியம்புத்தூரில் தம்பி வீட்டு மாடியில் கிடந்தாள்.

ஊன்றித் தவழ்கிறவளுக்குக் கை முறிந்தால் எல்லாம் முறிந்த மாதிரி. தவழ முடியாது, தைக்க முடியாது, வண்டி ஓட்ட முடியாது. தம்பி மனைவி பிரேமா நல்லவள். குளிப்பாட்டுவதற்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தாள். அந்தப் பெண் காலையில் வருவாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி யாருடனோ பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போவாள். கீழே யூனிட்டில் நாள் முழுக்க மெஷின்கள் ஓடின, பெண்கள் சிரித்தார்கள், டீ வந்தது, போனது. மாடிவரைக்கும் சத்தம் மட்டும் வந்தது. தனியாக இருந்த வீட்டில்கூட அவளுக்கு இத்தனை தனிமை தெரிந்ததில்லை.

"இங்கனயே இருந்துருங்க மதினி," என்றாள் பிரேமா. "அங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறீய?"

தம்பியும் அதையே சொன்னான். "ஒனக்கு இனி என்னக்கா அந்த ஊர்ல இருக்கு?"

ஆனாலும் மாவுக்கட்டுப் பிரித்து, கை கொஞ்சம் ஊன்ற வந்ததும், துணிக்கட்டு ஏற்றிய வேனிலேயே ஏறிக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். வீட்டைத் திறந்தபோது மெஷின்மேல் தூசி படிந்திருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலைமுத்துவைத் தேடிக் கிளம்பினாள். எட்டயபுரம் தாண்டி, குளத்தூர் போகிற வழியில் உள்ளே ஒரு சின்ன ஊர். ஆடிக்காற்று ஸ்கூட்டரை ரோட்டைவிட்டுத் தள்ளியது. கண்ணெல்லாம் புழுதி. சோலைமுத்து வீடு ஊரின் கடைசியில் இருந்தது. மனைவி செத்துப் பல வருஷம், மகன்கள் திருப்பூரில். வேப்பமரத்தடியில் பவுனு நின்றது. இளைத்திருந்தது. அவள் வந்ததற்கு அதனிடம் ஒரு மாற்றமும் இல்லை. வைக்கோலில் வைத்த வாயை எடுக்கவில்லை. சோலைமுத்துதான் பதறிப்போய் எழுந்தார்.

"யாரு கூட வந்தே தாயி?"

"நானேதான் வந்தேன் அண்ணாச்சி."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு அவள் கேட்டாள்.

"அன்னைக்கு குதிரைய விட்டுட்டு ஏன் எங்கிட்ட ஓடி வந்தீய? லாரில அடிபட்டிருந்தா?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நீ கீழ கெடக்கியே தாயி," என்றார்.

ராதாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு தடவ ஏறிக்கிடுதேன்," என்றாள்.

"வேண்டாம். பட்டது போதும்."

"பேன்ட் கொண்டாந்திருக்கேன்."

அவர் தலையைச் சொறிந்தார். சாய்வு மேடை இல்லை. பிடிக்க ஆள் இல்லை. தான் தனியாக ஒரு பெண்ணைத் தூக்கினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசியில் பக்கத்துவீட்டு முப்பிடாதியைக் கூப்பிட்டார். ஆடு மேய்க்கிற பெண். தடித்த கைகள், உரத்த குரல். விஷயத்தைக் கேட்டதும், "ஆத்தி! குதிரையில ஏறப் போறியளா?" என்று வாயில் கைவைத்தாள். உள்ளே கூட்டிப்போய் உடை மாற்றவும் இடுப்பில் பட்டையைக் கட்டவும் உதவினாள்.

மாட்டுத் தண்ணித்தொட்டியின் சுவர்மேல் ராதாமணி கையை ஊன்றி ஏறினாள். வலது மணிக்கட்டு வலித்தது. சோலைமுத்து பவுனைத் தொட்டியை ஒட்டி நிறுத்தினார். முப்பிடாதி பக்கத்தில் வந்து, இரண்டு கைகளையும் காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கன பிடிக்கணும்னு தெரியலையேக்கா. நான் பாட்டுக்கு ஆட்டுக்குட்டியத் தூக்குத மாதிரி தூக்கிருவேன்."

நாற்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக ராதாமணி ஒரு ஆளுக்குத் தன்னைத் தொடச் சொல்லிக்கொடுத்தாள். "இந்தக் கைப்பிடியப் பிடிங்க. ஆங், அப்படித்தான். இன்னொரு கைய முட்டிக்கு மேல வைங்க. இறுக்க வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். நான் சொன்னப் பெறகு தூக்குங்க." சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு, "ம்," என்றாள்.

பவுனு நடந்தது. அதே நடை. கொஞ்சம் மெதுவாக, முன்பைவிடச் சோர்வாக. வண்டிப்பாதையில் போய் ஓடைவரை சென்று திரும்பினார்கள். விதைப்புக்கு உழுது போட்ட கரிசல் வானம் தொடுகிற இடம்வரைக்கும் கறுப்பாய்க் கிடந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. முப்பிடாதி வாய் ஓயாமல் பேசினாள். எந்த ஆடு சினை, எந்தக் குட்டிக்குக் கழிச்சல். ராதாமணி "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அப்படிச் சில ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஊர் பேசாமல் இல்லை. டவுனிலிருந்து ஒருத்தி வண்டி போட்டு வாராளே, என்ன சங்கதி என்று டீக்கடையில் கேட்டார்களாம். "குதிரையப் பாக்க வாரா. ஒனக்கு என்ன?" என்று முப்பிடாதி சண்டைக்குப் போனாளாம். அதையும் அவளே வந்து சொல்லிச் சிரித்தாள்.

மழைக்காலம் வந்து பாதை சேறானது. ராதாமணி வீட்டில் உட்கார்ந்து தைத்தாள். மழை நாட்களில் சோலைமுத்துவுக்குப் போன் போடுவாள். "பவுனு என்ன செய்யுதா?" "நிக்கா." "சாப்புடுதாளா?" "சாப்புடுதா." கொஞ்ச நேரம் மழைச்சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கும். "வைக்கட்டா தாயி?" என்பார்.

தை பிறந்து பாதை காய்ந்ததும் போனாள். பேன்ட் போட்டுக்கொண்டே போனாள். முப்பிடாதி வெள்ளாமைக் காவலுக்குப் போயிருந்தாள். சோலைமுத்து வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். முழங்காலில் வலி என்று துணி சுற்றியிருந்தார். எழுந்திருக்காமலே பேசினார்.

"தாயி, இனி இத ஏற முடியாது. முதுகு பள்ளமாயிட்டு பாரு. பாரம் வச்சா ஒக்காந்துரும். மாட்டு டாக்டரும் அதத்தான் சொல்லுதாவ."

ராதாமணி பார்த்தாள். மழைக்கு முன்பே முதுகு இறங்கத் தொடங்கியிருந்ததை அவளும் கவனித்திருந்தாள், கவனிக்காததுபோல் ஏறியிருந்தாள். "சரி அண்ணாச்சி," என்றாள். அந்த அசைவு இனி கிடையாது. உடம்பு அதை எத்தனை நாளைக்கு நினைவில் வைத்திருக்கும் என்று யோசித்தாள். வண்டியைத் திருப்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

"நின்ன எடத்துலயே நின்னா காலு வீங்கிருது அதுக்கு," என்று சோலைமுத்து தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "தெனமும் கொஞ்சம் நடத்தணும். எனக்குத்தான் முட்டி வரமாட்டேங்கு."

ராதாமணி சாவியிலிருந்து கையை எடுத்தாள். "கயித்த இங்க குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்களேன்."

அவர் மரத்தைப் பிடித்து எழுந்து, கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். மோட்டார் சத்தத்துக்குப் பவுனு காதை அசைத்தது, கொஞ்சம் ஒதுங்கியது, பிறகு நின்றது. அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வண்டியை உருட்டினாள். கயிறு கொஞ்சம் இழுபட்டது, அப்புறம் தளர்ந்தது. குதிரை பக்கத்தில் நடந்துவந்தது.

இப்போதும் அப்படித்தான். சனிக்கிழமையோடு துணிக்கட்டைத் தைத்து முடித்துவிட்டு ஞாயிறு விடிந்ததும் ராதாமணி கிளம்புவாள். தம்பி யூனிட்டில் அவளுக்கென்று ஒரு அறை ஒதுக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவள் போகவில்லை. சாலையில் எங்காவது வண்டி சேற்றில் மாட்டினால், போகிற வருகிற பெண்ணைக் கூப்பிட்டு, "ஒரு கை குடுங்க, இங்கன பிடிங்க" என்கிறாள். முன்பெல்லாம் மணிக்கணக்காகத் தானே வண்டியை முடுக்கி முடுக்கிப் பார்ப்பாள்.

ஓடைக்கரையில் பவுனு நின்றுவிடும். அங்கே ஈரத்துக்கு அருகம்புல் முளைத்திருக்கும். குனிந்து, பல்லால் கடித்து, தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும். ராதாமணி வண்டியை அணைப்பாள். அணைத்ததும் சுற்றிலும் ஒரு சத்தமும் இருக்காது. புல் அறுபடுகிற சத்தம் மட்டும். கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவளுக்காகக் காத்திருப்பவர்கள் யாருமில்லை. குதிரை தின்று முடிக்கட்டும்.